விலை கூடிய போர்பன் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி பிடித்துப்போய், 25 – 30 டாலர் பாட்டிலிலிருந்து அடுத்த படிக்குப் போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விலைகள் எல்லாம் அமெரிக்காவில் 750 மில்லி பாட்டிலுக்கு, ஏறக்குறையச் சொன்னவை. மாநிலத்துக்கு மாநிலம் வரியும் விலையும் மாறும்.

எவ்வளவுக்கு மேல் போனால் 'விலை கூடியது' என்று எடுத்துக்கொள்வது?

என் கணக்கில் 50 டாலர். ஒயில்ட் டர்க்கி 101, ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் போன்றவை 30 டாலருக்குள்ளேயே கிடைக்கின்றன. இரண்டிலுமே ஆல்கஹால் 50 சதவீதத்துக்குக் குறையாது, இரண்டும் நல்ல சரக்கு. ஆகவே 50 டாலரைத் தாண்டும்போது, இந்த இரண்டில் கிடைக்காத ஏதோ ஒன்று கையில் வர வேண்டும்: கூடுதல் வயது, கூடுதல் வீரியம் (ஆல்கஹால் அளவு), அல்லது ஒரே பீப்பாயின் தனிக்குணம்.

50 முதல் 80 டாலர் வரை உள்ள இடம்தான் போர்பனில் காசுக்கு அதிகம் கிடைக்கும் இடம். 80 முதல் 120 வரை, ஏன் வாங்குகிறோம் என்று நமக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி, அந்தப் பாட்டில் கிடைப்பதில்லை என்பதற்காகக் கேட்கும் பணம்.

நியாயமாகவே விலை ஏறுவதற்குக் காரணம் என்ன?

முதல் காரணம் காலம். போர்பன் முதிர்வது உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில். ஒரு தடவை போர்பனுக்குப் பயன்பட்ட பீப்பாயை மறுபடி போர்பனுக்கு எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். போர்பனின் தாயகமான கென்டக்கி மாநிலத்தின் கோடையில் கிடங்குகள் கொதிக்கும். ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை ஆவியாகவும் மரத்துக்குள்ளும் போய்விடும். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால், பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் மிஞ்சியிருக்கும். அந்த இழப்பையும் மிஞ்சியதே சுமக்கிறது.

இதோடு வரியும் உண்டு. முதிர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கென்டக்கியில் ஆண்டுதோறும் சொத்துவரி கட்ட வேண்டும். 2023-இல் வந்த சட்டப்படி அந்த வரி 2026 முதல் 2043-க்குள் படிப்படியாக நீக்கப்படுகிறது.

அடுத்தது வீரியம். பீப்பாயிலிருந்து வந்தபடியே தண்ணீர் கலக்காமல் அடைத்தால் ஒரு பீப்பாய்க்குக் கிடைக்கும் பாட்டில்களின் எண்ணிக்கை குறையும். இந்த இரண்டு காரணங்களுக்கும் கொடுக்கும் பணம் எனக்கு உறுத்துவதே இல்லை. கனமான கண்ணாடி, மெழுகு முத்திரை, மரப்பெட்டி இவற்றுக்குக் கொடுப்பதுதான் உறுத்துகிறது.

வயது கூடக் கூட ருசியும் கூடுமா?

ஓர் அளவு வரைதான். ஸ்காட்ச் குடித்துப் பழகியவர்கள் 18 ஆண்டு, 21 ஆண்டு என்று தேடுவார்கள். அங்கே குளிர் அதிகம். பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள். மரத்தின் ருசி மெதுவாகத்தான் இறங்கும். போர்பனுக்குப் புது மரம், கடும் வெயில். எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுக்குள் பெரும்பாலானவை நல்ல பதத்துக்கு வந்துவிடும். பதினைந்தைத் தாண்டினால் துவர்ப்பும் காய்ந்த மரத்தூள் வாசனையும் மேலே வர ஆரம்பிக்கும். கிடங்கில் கீழ்த்தளத்தில், கொஞ்சம் குளிர்ந்த இடத்தில் இருந்த பீப்பாய் தாங்கும். மேல்தளத்தில் வெந்தது தாங்காது.

இருபது ஆண்டு போர்பனில் அருமையானவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கினால், மரத்தை ஊறவைத்த கஷாயம் போன்ற ஒன்றுக்கு 300 டாலர் கொடுக்க நேரலாம். லேபிளில் போட்டிருக்கும் வயது, கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் நிற்கும்போது லேபிளில் எதைப் படிக்க வேண்டும்?

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர்பன் என்று எழுதியிருந்தாலே சில விஷயங்கள் உறுதி. அமெரிக்காவில் செய்தது, தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் வீரியம் இல்லை, அடைக்கும்போது 40-க்குக் குறையவில்லை. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

'ஸ்ட்ரெய்ட்' என்ற சொல் இருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்தது. நிறமோ சுவையூட்டியோ சேர்த்திருக்க மாட்டார்கள். நான்கு ஆண்டுக்குக் குறைவான ஸ்ட்ரெய்ட் போர்பன் என்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். 70 டாலர் பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் '36 மாதம்' என்று இருந்தால் நான் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன்.

'பாட்டில்ட் இன் பாண்ட்' என்பது 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. கலப்படம் தலைவிரித்தாடிய காலத்தில், குடிப்பவரைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம் அது. ஒரே வடிசாலை, ஒரே வடிப்புப் பருவம், அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு, சரியாக 50 சதவீதம். நூறு ஆண்டைத் தாண்டியும் இந்த மூன்று சொல்லை நான் நம்புகிறேன், ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. எந்த வடிசாலை என்பதும் அந்த லேபிளில் இருக்க வேண்டும். டிஎஸ்பி-கேஒய்-1 என்ற வடிசாலை எண் இருந்தால் லூயிவில் நகரில் உள்ள ஹெவன் ஹில்லின் பெர்ன்ஹைம் வடிசாலை, டிஎஸ்பி-கேஒய்-113 என்றால் ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள பஃபலோ டிரேஸ்.

அப்புறம் வீரியம். அமெரிக்க லேபிளில் 'புரூஃப்' என்று வரும் எண்ணில் பாதிதான் சதவீதம். 60 டாலருக்கு மேல் கொடுத்து 40, 43 சதவீத போர்பனை வாங்குவதை நான் தவிர்க்கிறேன். கலந்த தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம் என்ற எண்ணம் போகமாட்டேன் என்கிறது.

'ஸ்மால் பேட்ச்', 'சிங்கிள் பேரல்' என்றால் தரம் உயர்ந்ததா?

'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. பத்துப் பீப்பாயும் சிறிய தொகுதிதான், இருநூறும் சிறிய தொகுதிதான். அந்தச் சொல்லுக்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டாம்.

சிங்கிள் பேரல் வேறு விஷயம். ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்பதால் அதற்கென்று ஒரு முகம் இருக்கும். ஆனால் அடுத்த பாட்டில் இதே மாதிரி இருக்காது. போன வருஷம் மயங்கிப்போன பெயர் இந்த வருஷம் சாதாரணமாகத் தோன்றலாம். அந்த மாற்றம்தான் எனக்குப் பிடித்தது. எப்போதும் ஒரே ருசி வேண்டும் என்பவர்கள் கலவைகளிடமே இருப்பது நல்லது.

முன்பின் கேள்விப்படாத பெயர், அழகான பாட்டில், 90 டாலர். வாங்கலாமா?

திருப்பிப் பாருங்கள். 'வடித்தவர்' என்று இருக்கிறதா, 'தயாரித்தவர்', 'அடைத்தவர்' என்று மட்டும் இருக்கிறதா? வடித்த மாநிலம் வேறாக இருந்தால் அதையும் அச்சிட வேண்டும் என்பது விதி. 'இண்டியானாவில் வடித்தது' என்றிருந்தால் அநேகமாக லாரன்ஸ்பர்க் நகரில் எம்ஜிபி நடத்தும் பெரிய வடிசாலையிலிருந்து வாங்கியது. (கென்டக்கியிலும் ஒரு லாரன்ஸ்பர்க் உண்டு, ஒயில்ட் டர்க்கியும் ஃபோர் ரோசஸும் அங்கேதான்.)

எம்ஜிபி சரக்கு மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிக நல்ல போர்பனும், ரை என்ற தானியத்தின் விஸ்கியும் அங்கிருந்து வருகின்றன. வாங்கி அடைப்பவர்களில் பலர் எங்கே வாங்கினோம், என்ன வயது, என்ன தானிய விகிதம் என்று முன்பக்கத்திலேயே சொல்கிறார்கள். அவர்களிடம் தயங்காமல் வாங்கலாம்.

எனக்கு நேர்ந்தது வேறு. தாத்தாவின் பழைய செய்முறை, மலை ஊற்றுநீர் என்று பின்பக்கம் முழுக்கக் கதை எழுதிய ஒரு பாட்டிலை 85 டாலருக்கு வாங்கினேன். அடியில் ஒரு வரி, இண்டியானா. வயது இல்லை. அதே இடத்தில் வடித்ததாக, வயதையும் போட்டு, வேறொரு பாட்டில் 45 டாலருக்கு அதே அலமாரியில் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்தபோது 45 டாலர் பாட்டிலே நன்றாக இருந்தது. அன்றிலிருந்து முன்பக்கத்தைப் பிறகுதான் பார்க்கிறேன்.

பேரல் புரூஃப் (பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைத்தது) எனக்கு ரொம்பக் காட்டமாக இருக்குமே?

இருக்கும். தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. அதுவே இதன் சௌகரியமும்கூட. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 சதவீத வீரியமுள்ள 750 மில்லியில் 250 மில்லி தண்ணீர் சேர்த்தால் 45 சதவீதத்தில் ஒரு லிட்டர் ஆகிறது. 75 டாலர் கொடுத்து வாங்கிய பாட்டில், 45 சதவீதப் பாட்டில் கணக்கில் 56 டாலர்தான். எந்த அளவு வீரியம் நமக்குப் பிடிக்கிறது என்பதை வடிசாலை முடிவு செய்யாமல் நாமே முடிவு செய்கிறோம்.

சில சொட்டுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி சேர்ந்ததும் வாசனை திறந்துகொள்ளும் இடம் ஒன்று வரும். அதற்கு மேல் ஊற்றினால் வெளிறிவிடும்.

இந்த வகையில் நான் முதலில் கைநீட்டுவது எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப். ஹெவன் ஹில் இதை ஆண்டுக்கு மூன்று முறை வெளியிடுகிறது. லேபிளில் உள்ள குறியீட்டிலேயே விவரம் இருக்கும்: சி923 என்றால் அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீடு, ஒன்பதாம் மாதம், 2023. அந்த சி923-இன் வயது 13 ஆண்டு 7 மாதம், வீரியம் 66.5 சதவீதம். பட்டியல் விலையில், அதாவது வடிசாலை பரிந்துரைக்கும் விலையில், கிடைத்தால் அந்தப் பணத்துக்கு அவ்வளவு வயதும் வீரியமும் வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. ஒவ்வொரு வெளியீட்டிலும் வயதும் வீரியமும் மாறும், பார்த்து வாங்குங்கள்.

பாப்பி வான் விங்கிள் அந்த விலைக்குத் தகுமா?

பட்டியல் விலையில் தகும். வெளிச்சந்தை விலையில் தகாது.

விஷயம் இதுதான். வழக்கமாக மக்காச்சோளத்தோடு சேர்க்கும் ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்த போர்பன் அது. ரை தரும் மிளகுக் காரம் இருக்காது, பதிலுக்கு ரொட்டியும் தேனும் போன்ற மென்மை. 2002 முதல் வான் விங்கிள் குடும்பம் பஃபலோ டிரேஸோடு சேர்ந்து இதைச் செய்துவருகிறது. 15 ஆண்டுப் பாட்டிலின் வீரியம் 53.5 சதவீதம், நான் நண்பர் வீட்டில் ஒருமுறை குடித்திருக்கிறேன், மிக நல்ல விஸ்கி. ஆனால் பட்டியலில் நூற்றுச் சில்லறை டாலராக இருப்பது கைமாறும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பணத்தில் பத்து அருமையான பாட்டில்கள் வரும்.

அதே வடிசாலையின் கோதுமை போர்பன் வெல்லர். அதற்கும் இப்போது கூட்டம் கூடிவிட்டது. 'வெல்லர் 12' பட்டியல் விலைக்கு அருகில் கிடைத்தால் எடுங்கள். மூன்று மடங்கு கேட்டால் விடுங்கள். கோதுமையின் ருசிதான் வேண்டும் என்றால் மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த் (பேரல் புரூஃப் என்பதற்கே இன்னொரு பெயர்) அலமாரியிலேயே நிற்கிறது. இன்னும் காட்டமாக வேண்டுமானால் லார்சனி பேரல் புரூஃப். இரண்டும் கோதுமைதான், இரண்டும் நான் திரும்பத் திரும்ப வாங்கியவை.

பிளான்டன்ஸ் போர்பன் எப்படி?

1984-இல் வடிப்பாளர் எல்மர் டி. லீ கொண்டுவந்தது, ஒற்றைப் பீப்பாய் போர்பனை முறையாக விற்கத் தொடங்கியது அதுதான். அந்த மரியாதை அதற்கு உண்டு. மூடியில் குதிரையும் வீரனும், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, எட்டையும் சேர்த்தால் பெயர் வரும். பலர் அதற்காகவே சேர்க்கிறார்கள். 46.5 சதவீதம், வயது குறிப்பிடுவதில்லை. 65 – 70 டாலருக்குக் கிடைத்தால் நல்ல பாட்டில். 150-க்கு மேல் கேட்டால் பாதிப் பணம் மூடிக்குப் போகிறது.

சரி, பெயர் சொல்லுங்கள். முதன்முதலாக 60, 70 டாலர் செலவழிக்கப் போகிறேன்.

உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்றால், ரசல்ஸ் ரிசர்வ் சிங்கிள் பேரல். ஒயில்ட் டர்க்கி வடிசாலை, 55 சதவீதம், குளிர்வித்து வடிகட்டாதது. அங்கே பீப்பாய்க்குள் ஊற்றும்போதே வீரியம் 57.5 சதவீதம்தான், சட்டம் அனுமதிக்கும் 62.5-ஐவிடக் குறைவு. அதனால் அடைக்கும்போது அதிகம் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. பீப்பாயின் ருசி நீர்க்காமல் வருகிறது. பீப்பாயை உட்புறம் மிக ஆழமாகக் கருக்குகிறார்கள். கருகிய சர்க்கரைப் பாகு, பழைய தோல், கொஞ்சம் புகையிலை என்று வாயில் நெடுநேரம் நிற்கும். வயது எழுதவில்லையே என்பீர்கள். உண்மைதான். வயது போடாத பாட்டிலுக்கு இவ்வளவு பணம் கொடுக்கத் தயங்கும் என் வழக்கத்துக்கு நானே கொடுக்கும் விலக்கு இது, பல பாட்டில்கள் குடித்துப் பார்த்த பிறகு கொடுத்தது.

வயது எழுத்தில் வேண்டும் என்றால் நாப் கிரீக் 12 ஆண்டு, 50 சதவீதம். ஜிம் பீம் வீட்டுச் சரக்குக்கே உரிய வறுத்த வேர்க்கடலை வாசம் இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது.

பழமும் பூவும் மணக்க வேண்டும் என்றால் ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல், 50 சதவீதம். அந்த வடிசாலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆகப் பத்துச் செய்முறை. ஒரு கலவையில் ரை 35 சதவீதம் வரை போகிறது. அவர்கள் கிடங்குகள் ஒற்றைத் தளம். மேலே வெந்தது, கீழே குளிர்ந்தது என்ற வேறுபாடு அவ்வளவாக வராது. ஈஸ்ட் ஒன்றை மாற்றினால் ருசி எவ்வளவு மாறும் என்பதை அங்கேதான் உணர முடியும். விலையும் ஐம்பதை ஒட்டியே இருக்கிறது.

சாக்லேட், கருகிய வாழைப்பழம் போன்ற அடர்த்திக்கு ஓல்டு ஃபாரஸ்டர் 1920. 57.5 சதவீதம்.

பதக்கம் வாங்கிய பாட்டில்களை நம்பலாமா?

சுவை பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் பதக்கம் வந்த கையோடு விலையும் ஏறிவிடும். ஹென்றி மெக்கென்னா 10 ஆண்டு, பாட்டில்ட் இன் பாண்ட், ஒற்றைப் பீப்பாய். யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த மலிவான நல்ல பாட்டில். 2019-இல் சான் பிரான்சிஸ்கோ உலக மதுப் போட்டியில் விஸ்கிகளில் முதலிடம் பெற்றது. உடனே கடைகளிலிருந்து காணாமல் போய், திரும்பி வந்தபோது விலை ஏறியிருந்தது. உள்ளே இருந்தது மாறவில்லை. அதிலும் ஒற்றைப் பீப்பாய் என்பதால், நடுவர்கள் குடித்த பீப்பாய் நம் கைக்கு வரப்போவதும் இல்லை.

ஒரே பாட்டில் ஒரு கடையில் 60, இன்னொன்றில் 160. எப்படி?

1933-இல் மதுவிலக்கு நீங்கியபின் வந்த ஏற்பாடு அது. வடிசாலை மொத்த விற்பனையாளருக்கு விற்கும், அவர் கடைக்கு விற்பார், கடை நமக்கு விற்கும். வடிசாலை சொல்வது பரிந்துரை விலை மட்டுமே. பல மாநிலங்களில் கடைக்காரர் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். பென்சில்வேனியா, வர்ஜீனியா, ஒஹையோ போன்ற இடங்களில் மாநில அரசே விலையைக் கட்டுப்படுத்துகிறது. அரிய பாட்டில்களைக் குலுக்கல் முறையிலும் பட்டியல் விலைக்கே தருகிறார்கள். அங்கே இருப்பவர்கள் பெயர் கொடுத்து வையுங்கள்.

இணையத்தில் தனிநபரிடம் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம் என்பது ஒருபுறம்; காலிப் பாட்டிலை மலிவுச் சரக்கால் நிரப்பி மூடி விற்பதும் நடக்கிறது.

கடைக்காரரே வடிசாலையில் தேர்ந்தெடுத்த தனிப் பீப்பாய்கள் இருந்தால் கேளுங்கள். தேர்ந்தெடுத்தவர் யார், என்ன ருசி என்று அவரால் சொல்ல முடிந்தால், பெரும்பாலும் அது வாங்கத் தகுந்த பாட்டில். நான் மறக்காத போர்பன்களில் பாதி இப்படி வந்தவைதான்.

வாங்காமலே ருசி பார்க்க வழி உண்டா?

பாரில் ஒரு அவுன்ஸ் கேளுங்கள். 100 டாலர் பாட்டிலுக்கு முன் 12 – 15 டாலர் செலவழிப்பது வீண் இல்லை. வீட்டில் நாலு நண்பர்கள் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரே மாதிரி கிளாஸ் மூன்றில், எது எது என்று தெரியாமல் ஊற்றுங்கள். அதில் ஒன்று 30 டாலர் பாட்டிலாக இருக்கட்டும். பெயர் தெரியாதபோது நாக்கு வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லும்.

புதுப் பாட்டில் முதல் நாள் பிடிக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட வேண்டாம். ஊற்றிப் பதினைந்து நிமிஷம் கிளாஸில் விட்டுவையுங்கள். அப்படியும் சரிப்படவில்லை என்றால் பாட்டிலை மூடி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். முதல் ஊற்றில் ஆல்கஹால் நெடி முன்னால் நின்று மற்றதை மறைப்பது வழக்கம், முக்கியமாக 60 சதவீதத்தை நெருங்கும் பாட்டில்களில்.

திறந்த பாட்டிலையும் திறக்காத பாட்டிலையும் எப்படி வைப்பது?

இரண்டையும் நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் வீரியமான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படக் கூடாது. பாட்டிலுக்குள் போர்பன் முதிராது; பத்து ஆண்டு பூட்டிவைத்தாலும் பன்னிரண்டு ஆண்டுச் சரக்கு பன்னிரண்டு ஆண்டுச் சரக்குதான். திறந்ததில் பாதிக்கு மேல் இருக்கும்வரை கவலை இல்லை. கால் பாகத்துக்கு இறங்கியபின் காற்று வேலை செய்ய ஆரம்பிக்கும். சில மாதங்களில் முடித்துவிடுங்கள், அல்லது மீதியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி மூடிவையுங்கள்.